சாவி கொடுக்கும் கை

(நாமக்கல்லில் லாரி உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, லாரி உரிமையாளர் பெருமக்களே, பின்வரிசையில் தள்ளி உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் அண்ணன்மார்களே!

பின்வரிசையைத் தனியாகக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. என் அப்பா சங்ககிரியில் லாரி ஓட்டியவர். கூட்டம் என்றால் அவரும் கடைசி வரிசையில்தான் உட்காருவார். அவருடைய லைசென்ஸ் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், பிள்ளையார் படத்தோடு சேர்ந்து சட்டைப் பையில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் சாமி மாடத்தில் வைப்பார். குடும்பத்துக்குச் சோறு போடுவது எது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

நான் ஓட்டுநர் ஆகவில்லை. கணக்குப் படித்து, அமெரிக்காவில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கெழுதப் போனேன். கொஞ்ச நாளில் அங்கே பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓட்டுநர்களின் லைசென்ஸ், மருத்துவச் சான்று, போதைப் பரிசோதனை, போலீஸ் டிக்கெட் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒரே ஒரு விஷயத்தைத்தான் இன்று சொல்லப் போகிறேன். ஓட்டுநரின் லைசென்ஸை அரசாங்கம் நிறுத்தி வைக்கலாம், நீதிமன்றம் பறிக்கலாம். ஆனால் அந்த உத்தரவால் ஒரு லாரியும் நிற்பதில்லை. லாரி நிற்பது, சாவி கொடுக்கும் கை நின்றால்தான்.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

1986-க்கு முன்னால் அமெரிக்காவில் லாரி லைசென்ஸ் ஒவ்வொரு மாநிலத்தின் விருப்பம். பதினெட்டு மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் கார் ஓட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவர் பதினெட்டு சக்கர டிரெய்லரையும் சட்டப்படி ஓட்டலாம். நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் அப்படித்தான் இருந்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரே ஓட்டுநர் இரண்டு மூன்று மாநிலங்களில் லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொள்வார். வேகத்துக்காகப் பிடிபட்டால் ஒன்றைக் காட்டுவார். அடுத்த முறை பிடிபட்டால் இன்னொன்றை. ஒரு மாநிலம் லைசென்ஸை ரத்து செய்தால் அதைக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார். குற்றங்களை இப்படிப் பிரித்துப் போட்டுவிட்டால் எந்த மாநிலத்தின் ஏட்டிலும் அவர் நல்ல பிள்ளை.

1986 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் வணிக வாகனப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு ஓட்டுநர், ஒரு லைசென்ஸ், ஒரு பதிவேடு. அதுதான் சாரம். லைசென்ஸை மாநிலங்களே தொடர்ந்து கொடுக்கலாம்; தேர்வின் தரமும் தகுதி நீக்கத்தின் விதிகளும் நாடு முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும். எந்த ஓட்டுநரின் ஏடு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று சொல்லும் பொதுவான கணினித் தொடர்பு ஒன்றும் வந்தது. 1992 ஏப்ரல் 1 முதல் புதிய வணிக லைசென்ஸ் இல்லாமல் யாரும் பெரிய வண்டியைத் தொடக் கூடாது என்றானது. சட்டைப் பையில் சீட்டுக்கட்டு மாதிரி லைசென்ஸ் வைத்திருந்த காலம் அதோடு முடிந்தது.

இப்போது அந்தத் தகுதி நீக்க விதிகளைப் பார்ப்போம். பட்டியலாகப் படித்தால் உங்களுக்குத் தூக்கம் வரும். மூன்று படிக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்ப்படியில் இருப்பவை நாம் எல்லோரும் சாலையில் தினம் பார்க்கிற தப்புகள். அனுமதித்த வேகத்துக்கு மேல் பதினைந்து மைல், அதாவது நம் கணக்கில் இருபத்துநாலு கிலோமீட்டர் அதிகமாகப் போவது. முன்னால் போகும் வண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டு போவது. கண்டபடி தடம் மாறுவது. ஓட்டிக்கொண்டே கையில் போன் பிடிப்பது. இவற்றில் ஒன்றைச் செய்து தண்டனை பெற்றால் லைசென்ஸ் போகாது. மூன்று ஆண்டுக்குள் இரண்டாவது வந்தால் அறுபது நாள் வீட்டில் உட்கார வேண்டும். மூன்றாவது வந்தால் நூற்றிருபது நாள்.

நடுப்படியில் இரண்டு. ஒன்று ரயில்வே கேட். அங்கே நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனால் முதல் தடவையே அறுபது நாள். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் நூற்றிருபது நாள், மூன்றாவது முறை ஓர் ஆண்டு. இரண்டாவது, சோதனை அதிகாரி "இந்த வண்டி நகரக் கூடாது" என்று ஒட்டிய உத்தரவை மீறி வண்டியை எடுப்பது. அதற்கு முதல் தடவையே குறைந்தது நூற்றெண்பது நாள்.

மேல்படியில் இருப்பவை குடித்துவிட்டு ஓட்டுவது, மூச்சுப் பரிசோதனைக்கு மறுப்பது, விபத்து நடந்த இடத்தில் நிற்காமல் ஓடுவது, அஜாக்கிரதையால் உயிரைப் பறிப்பது, வண்டியைப் பெரிய குற்றத்துக்குப் பயன்படுத்துவது. முதல் முறை ஓர் ஆண்டு. ஆபத்தான சரக்கை ஏற்றியிருந்தால் மூன்று ஆண்டு. இரண்டாவது முறை ஆயுள் முழுக்க. பத்து ஆண்டு கழித்து, மறுவாழ்வுப் பயிற்சி முடித்தவருக்கு மாநிலம் மனம் வைத்தால் திரும்பக் கிடைக்கலாம். லாரியில் போதைப்பொருள் கடத்தியவருக்கும் ஆள் கடத்தியவருக்கும் அந்த வாசலும் கிடையாது.

இதில் இரண்டு நுணுக்கம். லாரி ஓட்டும்போது ரத்தத்தில் இருக்கக்கூடிய மது அளவு 0.04 சதவீதத்தைத் தொட்டாலே குற்றம். கார் ஓட்டுபவருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் 0.08. ஆக லாரிக்காரருக்குப் பாதி. அடுத்தது, ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காரில் குடித்துவிட்டுப் போய் மாட்டினாலும் லாரி லைசென்ஸ் ஓர் ஆண்டு போகும். "அது என் சொந்த வண்டி, என் சொந்த நேரம்" என்ற பேச்சு எடுபடாது. 1999-ல் வந்த சட்டத் திருத்தம் அப்படி. கார்க்காரருக்கு "வேலைக்குப் போய்வர மட்டும் ஓட்டிக்கொள்" என்று சில மாநிலங்கள் சலுகை கொடுக்கும். லாரிக்காரருக்கு அந்தச் சலுகை கொடுக்க எந்த மாநிலத்துக்கும் உரிமை இல்லை.

சட்டம் இவ்வளவு கறாராக இருக்கிறதே, பிறகு கம்பெனிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு கடிதம் என் நினைப்பை மாற்றியது.

எங்கள் கம்பெனியில் ஓர் ஓட்டுநர் இருந்தார். இருபத்திரண்டு வருட அனுபவம். வண்டியை வீட்டு வாசல் மாதிரி கூட்டித் துடைத்து வைத்திருப்பார். ஒரு தடவை முன் வண்டியை ஒட்டிப் போனதாக அவருக்கு டிக்கெட் கொடுத்தார்கள். நேராக வந்து எங்கள் லோடு அனுப்பும் ஆளிடம் சொன்னார். அவன் வயதில் சின்னவன். நாலு பேர் முன்னால் கத்தினான். "இன்னொரு தடவை இப்படி வந்தால் சாவியை வைத்துவிட்டுப் போய்விடு" என்றான். பெரியவர் ஒன்றும் பேசவில்லை.

பதினாலு மாதம் கழித்து, கையில் போன் வைத்திருந்ததாக வேறொரு மாநிலத்தில் இன்னொரு டிக்கெட். இந்த முறை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வழியிலேயே ஓர் இடத்தில் நிறுத்தி, கணினியில் அபராதத்தைக் கட்டிவிட்டார். கட்டியாயிற்று, தீர்ந்தது என்று நினைத்தார். அபராதம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்பது அவருக்குத் தெரியாது. அங்கே அபராதம் கட்டுவதும் தண்டனை பெறுவதும் ஒன்றுதான். மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஆகிவிட்டது. அவருடைய சொந்த மாநிலம் அறுபது நாள் தகுதி நீக்கம் என்று கடிதம் அனுப்பியது.

கடிதம் வீட்டுக்குப் போனது. அவர் மூன்று வாரமாகச் சாலையில். மனைவி அதை உடைக்காமல், மற்ற தபால்களோடு சேர்த்து, பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டி வைத்தார். வீட்டுக்காரர் வந்ததும் பார்த்துக்கொள்வார் என்று. கடிதம் பிரிட்ஜில் தொங்கிக்கொண்டிருந்த நாட்களில் பெரியவர் முப்பத்தாறு டன் எடையுள்ள வண்டியைத் தகுதி இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

வழக்கமான சரிபார்ப்பில் அவர் ஏட்டைக் கேட்டு வாங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. உடனே போன் செய்து, வண்டியை எங்கே இருக்கிறதோ அங்கேயே ஓரம் கட்டச் சொன்னேன். இன்னொரு ஓட்டுநரைப் பஸ்ஸில் அனுப்பினோம். அமெரிக்க லாரியில் கிளீனர் கிடையாது. எழுநூறு மைல் தூரம், இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதர் கிளீனர் மாதிரி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார். இறங்கி வந்து என் மேசை முன்னால் நின்றபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அந்த நாட்களில் போலீஸ் கையில் அவர் சிக்கியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். கடிதம் பார்க்கவில்லை என்று அவர்தான் மன்றாடியிருக்க வேண்டும். தகுதி நீக்கத்தில் இருக்கும்போது லாரி ஓட்டுவது மேல்படிக் குற்றம் ஆகலாம். அப்படி ஆனால் அறுபது நாள் ஓர் ஆண்டாகும்.

சட்டம் இதற்கும் வழி சொல்லியிருக்கிறது. எந்த வண்டியில், எந்த மாநிலத்தில் தண்டனை பெற்றாலும், பார்க்கிங் தவறைத் தவிர, முப்பது நாளுக்குள் ஓட்டுநர் முதலாளியிடம் எழுதித் தர வேண்டும். லைசென்ஸ் நிறுத்தப்பட்டதாகத் தகவல் கிடைத்தால் மறுநாள் வேலை நேரம் முடிவதற்குள் சொல்ல வேண்டும். முதலாளி ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொருவரின் ஏட்டையும் மாநிலத்திடம் வாங்கிப் பார்க்க வேண்டும். இவை எல்லாம் சட்டப் புத்தகத்தில் இருந்தன. ஆனால் முதல் தடவை சொன்னவரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியது எங்கள் அலுவலகம். இரண்டாவது தடவை அவர் எப்படிச் சொல்வார்? சொல்பவனைத் தண்டிக்கும் அலுவலகத்துக்கு ஒருநாளும் உண்மை வந்து சேராது.

பெரியவர் வீட்டுப் பிரிட்ஜில் தொங்கியது ஒரே ஒரு கடிதம். ஓர் அரசு அலுவலகத்தில் பெட்டி பெட்டியாகக் கிடந்த கதையைச் சொல்கிறேன்.

2019 ஜூன் 21. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராண்டால்ஃப் என்கிற சின்ன ஊர். டிரெய்லர் இழுத்துக்கொண்டு வந்த ஒரு பிக்கப் வண்டி எதிரே வந்த மோட்டார் சைக்கிள் கூட்டத்தின் மீது மோதியது. அவர்கள் முன்னாள் மரைன் படை வீரர்களும் குடும்பத்தாரும் சேர்ந்த ஒரு மோட்டார் சைக்கிள் குழு. ஏழு பேர் இறந்தார்கள்.

ஓட்டியவரிடம் மாசசூசெட்ஸ் மாநிலம் கொடுத்த வணிக லைசென்ஸ் இருந்தது. அதே ஆண்டு மே 11-ஆம் தேதி கனெக்டிகட் மாநிலத்தில், போதையில் வண்டி ஓட்டியதாக அவர் கைதானார், பரிசோதனைக்கு மறுத்தார். கனெக்டிகட் அதை மாசசூசெட்ஸுக்குத் தெரிவித்தது. அந்தத் தகவலை வைத்து அவர் லைசென்ஸை நிறுத்தியிருக்க வேண்டும். தகவல் கணினியில், ஒரு மனிதர் திறந்து பார்க்க வேண்டிய வரிசையில் நின்றுகொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. ஆறு வாரத்துக்குள் ராண்டால்ஃப்.

பிறகு தோண்டிப் பார்த்தபோது, பிற மாநிலங்களிலிருந்து தபாலில் வந்த பல்லாயிரம் அறிவிப்புகள் மாசசூசெட்ஸ் வாகனப் பதிவுத் துறையில் பெட்டிகளில் கட்டி வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அவற்றைப் படித்து நூற்றுக்கணக்கானோரின் லைசென்ஸை அவசர அவசரமாக நிறுத்தினார்கள். துறைத் தலைவர் பதவி விலகினார். நியாயத்துக்காக ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஓட்டுநர் மீது நடந்த வழக்கில் 2022-ல் ஜூரிகள் அவரைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தார்கள். மோதலுக்கு யார் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. சட்டப்படி அன்று லைசென்ஸ் இருந்திருக்கக் கூடாத ஒருவர் கையில் லைசென்ஸும் வண்டிச் சாவியும் இருந்தன. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பல மாற்றங்கள். தண்டனைத் தகவலை ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்துக்குப் பத்து நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பது முன்பே இருந்த விதி. 2024 ஆகஸ்ட் முதல் அதைக் கணினி வழியாக மட்டுமே அனுப்ப வேண்டும் என்றாயிற்று. பெட்டிக்கு வேலை இல்லை. போதைப் பரிசோதனைக்கென்று தனியாக ஒரு தேசியப் பதிவேடு 2020 ஜனவரி 6-ல் தொடங்கியது. ஒரு கம்பெனியில் பரிசோதனையில் தோற்றவர் அடுத்த தெருவில் இருக்கும் கம்பெனியில் மறுநாளே சேர்ந்துகொள்வது அதற்கு முன் சர்வ சாதாரணம். இப்போது வேலைக்கு எடுக்கும் முன்பும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் முதலாளி அந்தப் பதிவேட்டைப் பார்த்தே ஆக வேண்டும். 2024 நவம்பர் 18 முதல், அதில் "ஓட்டக் கூடாது" என்று பெயர் இருப்பவரின் வணிக லைசென்ஸையே மாநிலம் எடுத்துவிடுகிறது. கஞ்சா பல மாநிலங்களில் சட்டப்படி விற்கிறது. ஆனால் லாரி ஓட்டுநருக்கு நாட்டுச் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. கடையில் ரசீதோடு வாங்கியதற்காக வேலை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு வந்த பிறகும் கடைசியில் பொறுப்பு எங்கே வந்து நிற்கிறது? விதியில் ஒரு வாக்கியம் இருக்கிறது. ஓட்டுநருக்குத் தகுதி இல்லை என்று தெரிந்தும் முதலாளி வண்டியைக் கொடுக்கக் கூடாது என்று முதலில் இருந்தது. பிறகு திருத்தினார்கள். தெரிந்திருந்தாலும் சரி, நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றாலும் சரி, கொடுக்கக் கூடாது. "எனக்குத் தெரியாதுங்க" என்ற பதிலுக்கு அங்கே மதிப்பில்லாமல் போனது அந்த ஒரு சொல்லால்தான். விபத்து நடந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது ஓட்டுநரின் கோப்பை. அதில் எந்தத் தேதியில் யார் என்ன பார்த்தார்கள் என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டுவார்.

பெரியவர் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் சிலவற்றை மாற்றினோம். பெரிய கம்ப்யூட்டர் எதுவும் வாங்கவில்லை.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை வைத்தோம். ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஒரு வரி. லைசென்ஸ் முடியும் தேதி. மருத்துவச் சான்று முடியும் தேதி; அது அதிகபட்சம் இரண்டு ஆண்டுதான், முடிந்தால் சாலையில் ஒரு தப்பும் செய்யாதவரின் லைசென்ஸும் தானாகத் தரம் இறங்கிவிடும். கடைசியாக ஏடு பார்த்த தேதி. பிறகு ஒரு கட்டம். கீழ்ப்படித் தப்பு ஏதாவது இருந்தால், அதன் மூன்று ஆண்டு எந்தத் தேதியில் முடிகிறது என்று அதில் சிவப்பு மையில் எழுதுவோம். சிவப்புத் தேதி இருப்பவரைக் கூப்பிட்டுத் திட்ட மாட்டோம். "அண்ணே, இந்தத் தேதி வரைக்கும் கொஞ்சம் பார்த்துப் போங்க, இன்னொன்னு வந்தா ரெண்டு மாசம் போயிடும்" என்று தமிழில் சொல்வதைத்தான் இங்கிலீஷில் சொன்னேன். அவசர லோடுகளை அவருக்குக் கொடுக்க மாட்டோம்.

மாநிலத்தின் ஏட்டில் ஏதாவது மாறினால் உடனே முதலாளிக்குத் தகவல் வரும் ஏற்பாடு அங்கே பல மாநிலங்களில் உண்டு. கலிபோர்னியாவில் அது கட்டாயம். அதில் பதிந்துகொண்டோம். ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பது என்பது, மூன்றாம் மாதம் நடந்ததைப் பன்னிரண்டாம் மாதம் தெரிந்துகொள்வது.

வேலைக்குச் சேரும் நாளிலேயே ஒரு வாக்கியம் சொல்லிவிடுவோம். டிக்கெட் வந்தால் அபராதம் கட்டுமுன் எங்களைக் கூப்பிடு. வக்கீல் வைக்க வேண்டியிருந்தால் நாங்கள் உதவுகிறோம். நீதிமன்றத்தில் போய் வாதாடினால் தள்ளுபடியாகக்கூடிய டிக்கெட்டுகள் எத்தனையோ. ஆனால் வகுப்புக்குப் போய் வந்தால் ஏட்டில் ஏற்ற மாட்டோம் என்று கார்க்காரருக்குச் செய்யும் சமரசத்தை லாரிக்காரருக்குச் செய்ய முடியாது. தண்டனையை மறைத்து வைப்பதை விதியே தடுக்கிறது.

பிறகு ஒரு முக்கியமான முடிவு. சாவியை நிறுத்தும் அதிகாரம் லோடு அனுப்புகிறவரிடம் இருக்கக் கூடாது. அவருக்குச் சரக்கு நேரத்துக்குப் போக வேண்டும், அது அவர் வேலை. அவரிடமே நிறுத்தும் வேலையையும் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் சரக்குதான் ஜெயிக்கும். பலகையைப் பார்க்கும் ஆள் "வேண்டாம்" என்றால் முதலாளியே கேட்டாலும் வேண்டாம்தான் என்று எழுதி வைத்தோம்.

கடைசியாக, அந்த அறுபது நாள். ஓட்டுநர் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கடன் ஏறும். கடன் ஏறினால் எங்காவது, கணக்கில்லாத ஒரு வண்டியில், இரவில் ஓட்டப் போவார். பெரும் குற்றம் அப்படித்தான் பிறக்கிறது. அதனால் பெரியவரைப் பட்டறையில் வைத்துக்கொண்டோம். டயர் பார்த்தார், புதிய பையன்களுக்கு டிரெய்லர் பின்னெடுக்கக் கற்றுக் கொடுத்தார். சம்பளம் குறைவுதான். அறுபத்தோராம் நாள் லைசென்ஸ் திரும்பி வந்ததை நான் ஏட்டில் பார்த்து உறுதி செய்துவிட்டுத்தான் சாவி கொடுத்தேன். அவர் வாய்ச்சொல்லை நம்பவில்லை என்று அவர் வருத்தப்படவில்லை. சிரிக்கத்தான் செய்தார். குடித்து மாட்டியவர்களுக்கும் போதையில் தோற்றவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்குப் போதைப் பழக்க ஆலோசகர், சிகிச்சை, திரும்பச் சேரும் பரிசோதனை, பிறகு முதல் பன்னிரண்டு மாதத்தில் முன்னறிவிப்பில்லாமல் குறைந்தது ஆறு பரிசோதனை என்று வேறு பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் திரும்பி வந்து நன்றாக ஓட்டியவர்களும் உண்டு.

சரி, அமெரிக்காவை அங்கேயே விடுவோம். நாமக்கல்லுக்கு வருகிறேன்.

நம் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் இதெல்லாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஐந்தாம் பிரிவு என்ன சொல்கிறது? லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டும்படி உரிமையாளர் விடக் கூடாது. பத்தொன்பதாம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. லைசென்ஸை நிறுத்தலாம், ரத்து செய்யலாம். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது நினைவிருக்கும். அதிவேகம், சிவப்பு விளக்கு மீறல், குடிபோதை, ஓட்டும்போது போன், அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுதல் ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்த வேண்டும் என்றது. நிறுத்தப்பட்ட காலத்தில் ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, பத்தாயிரம் ரூபாய் அபராதம், சிறையும் உண்டு.

அந்தப் பட்டியலில் ஒரு சொல்லில் நான் நிற்க விரும்புகிறேன். அதிக பாரம். பாரத்தை ஏற்றச் சொல்வது யார்? புக்கிங் ஆபீஸ், சரக்குக்காரர், சில நேரம் நாம். ஒரு நடைக்குக் கிடைக்கும் கூடுதல் வாடகை யாருக்கு? ஓட்டுநருக்கு அல்ல. லைசென்ஸ் போவது மட்டும் ஓட்டுநருக்கு. அமெரிக்காவில் 2016-ல் ஒரு விதி வந்தது. விதியை மீறி ஓட்டச் சொல்லி ஓட்டுநரை முதலாளியோ சரக்குக்காரரோ புரோக்கரோ மிரட்டினால் மிரட்டியவருக்கு அபராதம். நமக்கு அப்படி ஒரு விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாரத்தை நாம் ஏற்றிவிட்டு மூன்று மாதம் அவர் குழந்தைகளின் சோற்றை நிறுத்துவது நியாயமா என்று நம்மையே கேட்டுக்கொண்டால் போதும்.

நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் பரிவாகன் தளத்தில் ஒரு ஓட்டுநரின் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். காசு கிடையாது. 2004-ல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களில் பலருக்குத் தெரியும். ஓட்டுநரிடம் லைசென்ஸ் இல்லை என்பதை மட்டும் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி தப்பிக்க முடியாது. உரிமையாளர் கவனமில்லாமல் இருந்தார் என்று அது நிரூபிக்க வேண்டும். அப்படியானால் உங்களைக் காப்பாற்றுவது எது? இன்ன தேதியில் பார்த்தேன், நடப்பில் இருந்தது என்று நீங்கள் எழுதி வைத்த நோட்டு.

ஆகவே உரிமையாளர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் பிறந்த முதல் நாள், எப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் தேதிகளைப் பார்க்கிற அதே நோட்டில் உங்கள் ஓட்டுநர் ஒவ்வொருவரின் லைசென்ஸையும் பாருங்கள்; பார்த்த தேதியை எழுதுங்கள். ஓட்டுநர் அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து தபால் வந்தால் பிரித்துவிடச் சொல்லி வீட்டில் சொல்லி வையுங்கள். போலீஸ் லைசென்ஸைப் பிடித்து வைத்தால் அன்றே முதலாளியிடம் சொல்லுங்கள். சொன்னவரை யாராவது திட்டினால், அந்த முதலாளியிடம் என் பேச்சை எடுத்துக் காட்டுங்கள்.

எங்கள் அப்பா சாமி மாடத்தில் வைத்திருந்த லைசென்ஸை அவர் ஓய்வு பெறும்வரை ஒருநாளும் யாரும் பிடித்து வைக்கவில்லை. அவர் கெட்டிக்காரர் என்பதால் மட்டும் அப்படி நடக்கவில்லை. அவருடைய முதலாளி அதிக பாரம் ஏற்றச் சொன்னதில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த லைசென்ஸைக் காப்பாற்றினார்கள்.